வரம்பு பார்க்கப் போவது போல: தினமும் மனந்திரும்புவது பற்றி ஒரு தம்பிக்கு

கேள்வி, சுருக்கமாக: "ஐயா, நான் விசுவமடுப் பக்கம். ஞானஸ்நானம் எடுத்து 6 வருடம். தினமும் மனந்திரும்ப வேண்டும் என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். நானும் ஒவ்வொரு இரவும் முழங்காலில் நின்று அழுகிறேன். இரண்டு நாள் போனால் திரும்பவும் மனிசியிடம் கத்துகிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், இயேசு ஒருமுறை மன்னித்த பிறகு தினமும் மன்னிப்புக் கேட்பது அவிசுவாசம் என்றார். எது சரி? இன்னொன்று. 2009 யுத்தத்தில் அம்மம்மாவைப் பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டு வந்தோம். எனக்கு அப்போது 14 வயது. அதற்கும் ஒவ்வொரு இரவும் மன்னிப்புக் கேட்கிறேன். பாரம் குறையவில்லை. என் மனந்திரும்புதல் பொய்யா?"

தம்பி, கடைசிக் கேள்வியை நீங்கள் நாலு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். ஆனால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு இருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு ஆறுதலாக வருகிறேன். பிரசங்கியார் சொன்னதை முதலில் எடுப்போம். அதற்குப் பதில் சொல்வது சுலபம்.

உங்கள் வீடு இருக்கிற காணி பேர்மிற் காணியாகத்தான், அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரம் எழுதித் தந்த காணியாகத்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். பேர்மிற் ஒருமுறை தருவார்கள். அது கையில் கிடைத்த நாளிலிருந்து காணி உங்கள் பெயரில். அதற்காக அடுத்த நாள் காலை மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டு யாராவது படுப்பார்களா? காணி நம்முடையது என்றபடியால்தானே விடியற்காலையில் எழும்பி வரம்பு பார்க்கப் போகிறோம்? எங்கே நண்டு வளை போட்டிருக்கிறது, எங்கே எலி துளைத்திருக்கிறது, எங்கே தண்ணீர் களவாக இறங்குகிறது என்று பார்த்து, குனிந்து, ஒரு பிடி சேற்றை வைத்து மிதித்து அடைக்கிறோம். ஊரான் காணி என்றால் பார்த்தும் பாராமல் போய்விடுவோம்.

கிறிஸ்துவுக்குள் கிடைத்த மன்னிப்பு பேர்மிற் போன்றது. தினசரி மனந்திரும்புதல் வரம்பு பார்க்கப் போவது போன்றது. இரண்டையும் போட்டுக் குழப்பினால், ஒன்றில் ஒவ்வொரு நாளும் காணி பறிபோய்விடுமோ என்று பயந்து சாவோம், இல்லாவிட்டால் வயலைக் காட்டுக்கு விட்டுவிட்டுப் பேர்மிற்றை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவோம். ஆண்டவர் பேதுருவின் காலைக் கழுவினபோது சொன்னதும் இதுதான்: "முழுகினவன் தன் கால்களைமாத்திரம் கழுவவேண்டியதாயிருக்கும், மற்றப்படி அவன் முழுவதும் சுத்தமாயிருக்கிறான்." முழுகினது ஒருமுறை. கால் கழுவுவது வீட்டுக்குள் ஏறுகிற ஒவ்வொரு முறையும். செம்பாட்டு மண்ணில் நடக்கிற நமக்கு இதை விளக்க வேண்டுமா?

அந்தப் பிரசங்கியாரை நான் குறை சொல்ல வரவில்லை. கிருபையை உயர்த்திச் சொல்ல வேண்டும் என்ற ஆவலில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஆண்டவர் கற்பித்த ஜெபத்தைப் பாருங்கள். மத்தேயு 6 இல் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரிக்கு அடுத்த வரியே "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பது. லூக்காவில் அந்த ஆகாரம் "அன்றன்று" என்று வருகிறது. சோறு தினமும் வேண்டும் என்று கேட்கிறவனுக்கு மன்னிப்பும் தினமும் வேண்டும். வெளிப்படுத்தின விசேஷத்தில் ஆண்டவர் ஏழு சபைகளுக்குக் கடிதம் அனுப்புகிறார். எபேசு, பெர்கமு, தியத்தீரா, சர்தை, லவோதிக்கேயா ஆகிய ஐந்துக்கும் மனந்திரும்பு என்ற சொல் போகிறது. அவை சபைகள், தம்பி. ஏற்கெனவே விசுவாசித்தவர்கள். 1517 இல் மார்ட்டின் லூதர் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே, மனந்திரும்புங்கள் என்று இயேசு சொன்னபோது விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றுதான் கருதினார் என்பது. அதே லூதர்தான் விசுவாசத்தால் மட்டும் நீதிமான் ஆகிறோம் என்று உயிரையும் பாராமல் பிரசங்கித்தவர். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. 1529 இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், ஞானஸ்நானத்தின் அர்த்தமே நமக்குள் இருக்கிற பழைய ஆதாம் தினமும் மனஸ்தாபத்தினாலும் மனந்திரும்புதலினாலும் அமிழ்ந்து சாக வேண்டும் என்பதுதான் என்கிறார். ஆகவே உங்கள் சபையில் சொல்வது புதுச் சரக்கல்ல.

இனி உங்கள் அழுகைக்கு வருவோம்.

மனந்திரும்புதல் என்ற தமிழ்ச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். கிரேக்கத்தில் மெற்றானோயா என்பது மனம் மாறுவது. அதற்கும் பின்னால் பழைய ஏற்பாட்டில் எபிரெயத்தில் ஷூப் என்ற சொல் இருக்கிறது. அதற்கு நேரான பொருள் திரும்புதல். போன வழியை விட்டுத் திரும்புவதற்கும் அந்தச் சொல்தான், சிறைப்பட்டுப் போன சனங்கள் சொந்த ஊருக்குத் திரும்புவதற்கும் அதே சொல்தான். எரேமியாவில் இரண்டும் மாறி மாறி வரும். செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய நமக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். பஸ்ஸில் ஏறிய அன்று அழுதோம். பரந்தன் சந்தி தெரிந்ததும் திரும்பவும் அழுதோம். ஆனால் ஊர் திரும்பியது அந்த அழுகையால் அல்ல. கூரை இல்லாத வீட்டுக்குள் தறப்பாள் கட்டி, கிணறு இறைத்து, முற்றத்தில் ஆளுயரத்துக்கு நின்ற பற்றையை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினோமே, அப்படித்தான் ஊர் திரும்பினோம். பஸ்ஸில் அழுததைப் பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பஸ்ஸிலேயே இருந்து அழுதுகொண்டிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

நீங்கள் ஒவ்வொரு இரவும் அழுகிறீர்கள். என்ன சொல்லி அழுகிறீர்கள்? எழுதவில்லை. என் அனுமானம், "ஆண்டவரே, நான் பெரிய பாவி, என் அக்கிரமங்களையெல்லாம் மன்னியும்" என்று இருக்கும். அதில் பிழையில்லை. ஆனால் அது போதாது. மிதிவெடி அகற்றுகிற பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர், புருஷனை இழந்தவர்கள்கூட, அந்த வேலைக்குப் போனார்கள். ஊர் வாசலில் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும். அந்தப் பலகை உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் பலகையால் ஒரு வெடியும் அகலவில்லை. ஒரு பிள்ளை வெயிலில், முகக்கவசத்தோடு, முழங்காலில் இருந்து, தனக்குக் குறித்துக் கொடுத்த ஒடுங்கின நிலத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து, ஒன்றைக் கண்டதும் இதோ இங்கே என்று குறிவைத்த பிறகுதான் அது அகன்றது. "நான் பெரிய பாவி" என்பது பலகை. "இன்று மத்தியானம் சோறு ஆறிப்போனதற்காக, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய தகப்பனைச் சொல்லித் திட்டினேன்" என்பது குறி. தாவீதும் சக்கேயுவும் குறி வைத்தவர்கள். சக்கேயு பொதுவாக மன்னிப்புக் கேட்கவில்லை. எவனிடம் அநியாயமாக வாங்கினானோ அவனுக்கு "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று கணக்கே சொன்னான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுபோகம். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் மட்டு. சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீரைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுத்து, வாய்க்காலுக்கு முறை வைத்தார்கள். என் வயல் வாய்க்காலின் கடைசிப் பக்கம். பயிர் கதிர் வெளிவரும்முன் உள்ள குடலைப் பருவத்தில் நிற்கிறது. அந்த நேரம் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் சப்பியாகிப் போகும். அன்று இரவு முறை பக்கத்து வயற்காரருக்கு. அவர் மடையைத் திறந்துவிட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார். நான் ரோச் லைற்றைக்கூட அடிக்காமல் போய், பொது வரம்பில் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டினேன். தவளைச் சத்தம் காதை அடைத்தது. தண்ணீர் என் பக்கம் இறங்குகிற சத்தம் அதற்கு மேலாகக் கேட்டது. இரண்டு மணித்தியாலம் விட்டேன். பிறகு சேறு வைத்து அடைத்து, மிதித்து, மேலே புல்லும் போட்டுவிட்டு வந்தேன்.

வந்து ஜெபம்பண்ணித்தான் படுத்தேன். அடுத்து வந்த மூன்று ஞாயிறும் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். அந்த அறிக்கையில் எல்லாப் பாவமும் இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. நாலாவது ஞாயிறு திருவிருந்து. அன்று நான் பேச வேண்டிய பகுதி மத்தேயு 5. பலிபீடத்தினிடத்தில் காணிக்கை செலுத்த வந்து, உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முன்பு போய் அவனோடே ஒப்புரவாகு. சனிக்கிழமை பின்னேரம் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். பேனை ஓடவில்லை. எழுந்து நடந்தேன்.

அவர் முற்றத்தில் மருந்தடிக்கிற தாங்கியைக் கழற்றி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் சைவம். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு ஒரு வருடமும் தவறாதவர். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் கையில் இருந்த குறட்டைக் கீழே வைக்கவில்லை. "அண்ணை, அது எனக்கு அடுத்தநாள் விடியவே தெரியும். உங்கட மண்வெட்டியிலை ஒரு மூலை உடைஞ்சிருக்கு. வெட்டின வாயிலை அந்தத் தழும்பு அப்பிடியே கிடந்தது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்கள் வந்து சொல்லுவியளோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்" என்றார்.

அடுத்த என் முறைகள் இரண்டையும் அவருக்குக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தந்தார். தம்பி, கடவுளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மூன்று கிழமையாக ஒளித்துக்கொண்டு இருந்தது நான் மட்டும்தான். "தன் பாவங்களை மறைக்கிறவன் வாழ்வடையமாட்டான், அவைகளை அறிக்கைசெய்து விட்டுவிடுகிறவனோ இரக்கம் பெறுவான்" என்ற நீதிமொழி எனக்கு மனப்பாடம். சிறுவர் பள்ளியில் நானே படிப்பித்த வசனம். அதன் ருசி எனக்குத் தெரிந்தது அந்த முற்றத்தில்தான்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். இதுதான் முறை என்று சட்டம் போடவில்லை. விடிய வரம்பு பார்க்கப் போகிற நேரம் எனக்கு ஜெப நேரம். இரவில் என்றால் உடம்பு அலுப்பில் சொல்லெல்லாம் ஒன்றாகிவிடுகிறது. உங்களுக்கு இரவு தோதென்றால் இரவே வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் சங்கீதம் படுக்கையில் இருந்து "உங்கள் இருதயத்தில் பேசிக்கொண்டு அமர்ந்திருங்கள்" என்றுதானே சொல்கிறது. முதலில் நன்றி சொல்வேன். கிடைத்த இரக்கங்களை நினைக்காமல் பாவத்தைத் தேடத் தொடங்கினால், நான் பொலிஸ்காரன் மாதிரி என்னையே விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். தேவதயவுதான் மனந்திரும்பும்படி ஏவுகிறது என்று ரோமர் 2 இல் இருக்கிறது. பிறகு "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று கேட்டுவிட்டு, முந்தின நாளைக் காலையிலிருந்து ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைக்கு வரம்பில் நடக்கிற மாதிரி நடந்து பார்ப்பேன். யாரோடு பேசினேன், என்ன சொல்லாமல் விட்டேன், எந்த இடத்தில் மனம் இறுகியது. ஓட்டை தெரிகிற இடத்தில் நிற்பேன். அதன் பெயரைச் சொல்வேன். இன்று யாரிடமாவது போக வேண்டுமா என்று கேட்பேன். அதோடு சரி. பத்து நிமிடத்துக்கு மேல் போவதில்லை. ஓட்டை ஒன்றும் தெரியாத நாளில் தோண்டித் தோண்டி ஒன்றை உண்டாக்குவதுமில்லை. நல்ல வரம்பைக் கிண்டினால் அதுவும் ஒழுகத் தொடங்கும்.

கத்தோலிக்கச் சொந்தங்கள் இதை ஆத்தும சோதனை என்பார்கள். 16 ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆட்களுக்குக் கட்டாயமாக வைத்த பழக்கம். ஆவணியில் மடுமாதா திருவிழாவுக்குப் போய்க் காட்டுக்குள் கூடாரம் போட்டிருக்கிற குடும்பங்கள், பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும்முன் பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி யோசிக்கச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன். குருவானவரிடம் சொல்வதா, நேரே ஆண்டவரிடம் சொல்வதா என்பதில் நமக்குள் வித்தியாசம் உண்டு. ஆனால் உட்கார்ந்து, யோசித்து, பெயர் சொல்லி, மனஸ்தாபப்பட்டு, இனிச் செய்யமாட்டேன் என்று தீர்மானித்து, கெடுத்ததைச் சரிப்படுத்துகிற அந்த ஒழுங்கு நாம் அவர்களிடம் கற்க வேண்டியது. நம் சபைகளில் அழைப்புக் கொடுத்ததும் முன்னுக்கு ஓடுவதில் காட்டுகிற வேகத்தை, வீட்டுக்குத் திரும்பிப் போகிற வழியில் காட்டுவதில்லை. இது என் ஆதங்கம்.

உங்கள் கோபத்தைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். லான்ட்மாஸ்டர் உழவு மெசின் லீசிங்கில் எடுத்து ஓட்டுவதாகக் கடிதத்தின் வேறோர் இடத்தில் எழுதியிருந்தீர்கள். ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். கத்துவது எந்த நாட்களில்? என் அனுபவத்தில், லீசிங் காசு கட்டுகிற நாளுக்கு முந்தின இரண்டு நாளிலும், நுண்கடன்காரர் கிழமைக் கூட்டம் வைக்கிற அன்றும்தான் எங்கள் ஒழுங்கைகளில் சத்தம் கூடக் கேட்கிறது. இது கத்தினதற்குச் சாட்டு அல்ல. ஆனால் எலி எங்கே துளைக்கிறது என்று தெரிந்தால் அங்கே முதலே போய் நிற்கலாம். அந்த நாளில் வீட்டுக்கு வந்ததும் கதைக்காமல் முதலில் கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள். கட்டக் காசு இல்லையென்றால், இல்லை என்று அவளிடம் ஒரு நாள் முதலே சொல்லிவிடுங்கள். அதை மறைக்கப்போய்த்தான் பாதிக் கோபம் வருகிறது. ஆண்டவர் கற்பித்த ஜெபத்தில் பாவத்துக்குக் கடன் என்ற சொல் இருப்பது, கடனில் மூச்சுத்திணறுகிற நம் சனத்துக்கு எவ்வளவு பெரிய ஆறுதல். வட்டிக்கு மேல் வட்டி போட்டு வாசலில் வந்து நிற்காத ஒரே கடன்காரர் அவர்தான்.

கத்திவிட்டால் சூரியன் அஸ்தமிக்கும்முன் போய்ச் சொல்லுங்கள். "நான் கத்தினது பிழை. உன்ர அப்பாவைப் பற்றிச் சொன்னது பிழை." அவ்வளவுதான். அதற்குப் பின்னால் "ஆனால் நீயும்" என்று தொடங்கினால் முன்னால் சொன்னது எல்லாம் தண்ணீரில் போய்விடும். பிள்ளைகளுக்கு முன்னால் கத்தியிருந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லுங்கள். நம் ஆம்பிளைகளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். என் தகப்பன் சாகும்வரை ஒருநாளும் சொன்னதில்லை. நான் முதல்முறை சொன்னபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உடனே அவள் முகம் மலர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மன்னிப்பது அவளுடைய நேரத்தில் நடக்கும். அதை வசனம் சொல்லிப் பிடுங்கக் கூடாது.

கத்துவது மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே நம்புகிறேன். ஒருவேளை கையும் நீண்டிருந்தால், இருவருக்குள் பேசி முடிக்கிற விஷயம் அல்ல அது. போதகரிடமோ மூப்பரிடமோ இந்தக் கிழமையே போய்ச் சொல்லுங்கள். அவள் பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போகிறேன் என்றால் குறுக்கே நிற்காதீர்கள். மனந்திரும்பின புருஷன் மனிசியின் வாயை மூடமாட்டான். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி கொடுங்கள் என்று யோவான் ஸ்நானன் கேட்டது இதைத்தான்.

அதே கோபத்தில் திரும்பத் திரும்ப விழுவதால் மனந்திரும்பியதே பொய் என்று நினைக்க வேண்டாம். களை பிடுங்கின வயலில் பத்து நாளில் திரும்பக் கோரை தலை காட்டுகிறது. கிழங்கு அடியில் இருக்கிறது. அதற்காகப் போன முறை பிடுங்கினது பொய்யாகிவிடாது. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள்: முன்பு கத்தியபிறகு எத்தனை நாள் பேசாமல் இருந்தீர்கள், இப்போது எத்தனை மணித்தியாலத்தில் திரும்புகிறீர்கள்? அந்தத் தூரம் குறைந்துகொண்டு வந்தால் ஆவியானவர் வேலை செய்கிறார்.

இனி அம்மம்மா.

இதை எழுதும்முன் இரண்டு நாள் பொறுத்தேன். தம்பி, நான் உங்களிடம் ஒன்று கேட்கட்டும். அந்தப் பதுங்குகுழியில், 14 வயதுப் பிள்ளை, செல் விழுந்துகொண்டிருக்க, நடக்க முடியாத ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் விட்டது எந்தக் கட்டளையை மீறியது? யாரை ஏமாற்றினீர்கள்? யாருக்குக் கேடு நினைத்தீர்கள்? முடிவெடுத்தது பெரியவர்கள். அவர்களுக்கும் முடிவு என்று ஒன்று கையில் இருக்கவில்லை. சின்னதுகளைக் கொண்டு ஓடுவதா, எல்லாரும் இருந்து சாவதா என்பதுதான் முன்னால் இருந்தது. அநேகமாக அம்மம்மாவே போங்கோ என்றுதான் சொல்லியிருப்பா. எத்தனை வீடுகளில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டேன்.

நீங்கள் கொண்டுபோய் வைப்பது பாவம் அல்ல, துக்கம். அதனால்தான் மன்னிப்புக் கேட்கக் கேட்கப் பாரம் குறையவில்லை. ஆண்டவர் மன்னிக்க மறுப்பதால் அல்ல. மன்னிக்க அங்கே ஒரு குற்றம் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு நம் பிரசங்க மேடைகளுக்கும் பங்கு உண்டு. 2004 மார்கழி (டிசம்பர்) 26 இல் கடல் வந்து முல்லைத்தீவை அள்ளிக்கொண்டு போனபோதும், 2009 க்குப் பிறகும், இது சனத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று சொன்னவர்களை என் காதால் கேட்டிருக்கிறேன். பிள்ளையைப் புதைக்கக்கூட முடியாமல் வந்த தாய்மார் முன்வரிசையில் இருந்து அதைக் கேட்டார்கள். லூக்கா 13 ஐ அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பிலாத்து சில கலிலேயரைப் பலியிடுகிற இடத்திலேயே கொன்றான் என்ற செய்தியை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அரசாங்கத்தின் கையால் செத்தவர்கள். இயேசு தாமாகவே இன்னொன்றையும் சேர்க்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தது. விபத்தில் செத்தவர்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இரண்டு முறையும் ஒரே பதில்: "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்." அதற்குப் பிறகுதான் மனந்திரும்புங்கள் என்கிறார், அதுவும் செய்தி சொல்ல வந்து உயிரோடு நிற்கிறவர்களைப் பார்த்து. செத்தவர்களை ஆராய அவர் விடவில்லை. தப்பினவர்களைத் தப்பினதற்காகவும் குற்றம் சாட்டவில்லை.

பவுல் இரண்டு துக்கத்தைப் பிரித்துச் சொல்கிறார். தேவனுக்கேற்ற துக்கம் மனந்திரும்புதலை உண்டாக்குகிறது, "லௌகிக துக்கமோ மரணத்தை உண்டாக்குகிறது." இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும், அவரை அறியேன் என்று மறுதலித்த பேதுருவும் ஒரே இரவில் விழுந்தவர்கள். யூதாசும் மனஸ்தாபப்பட்டான் என்று மத்தேயு எழுதுகிறார், காசைக்கூடத் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் தனியே போனான். பேதுரு மனங்கசந்து அழுதான், பிறகு மற்றச் சீஷர்களோடு இருந்தான், மீன்பிடிக்கப் போனான். கரையில் ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி மீன் வைத்துக்கொண்டு அவனுக்காக நின்றார். அவன் மறுதலித்த முற்றத்திலும் கரிநெருப்புத்தான் எரிந்தது. யோவான் அதைக் குறிக்க மறக்கவில்லை. அவர்கள் செய்தது உண்மையான குற்றம். நீங்கள் அப்படி ஒன்றும் செய்யாமலே யூதாசின் துக்கத்தை 14 வயதிலிருந்து தனியே சுமக்கிறீர்கள். அது மெல்ல மெல்லக் கொல்லும். உங்கள் கோபத்தில் பாதி இங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம். நித்திரை வராமல் இருப்பது, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது இதெல்லாம் இருந்தால் மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, போங்கள். விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

பாவ அறிக்கை வேறு, ஒப்பாரி வேறு. வேதத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. 51 ஆம் சங்கீதம் பாவ அறிக்கை. 88 ஆம் சங்கீதம் ஒப்பாரி. அதில் ஒரு பாவமும் அறிக்கையிடப்படவில்லை, கடைசி வரி வரைக்கும் இருட்டுத்தான், ஆனாலும் அது ஜெபம். எருசலேம் எரிந்தபிறகு எழுதப்பட்ட ஒரு முழுப் புத்தகத்துக்குத் தமிழில் புலம்பல் என்றே பெயர். எங்கள் கிழவிகள் செத்தவீட்டில் தலையில் அடித்துச் சொல்லி அழுவார்களே, அந்த அழுகைக்குப் பக்கத்தில் நிற்கிற புத்தகம். உங்கள் அம்மம்மாவுக்கு அந்த அழுகை கிடைக்கவில்லை. யாருக்கு நேரம் இருந்தது? ஆகவே இன்று இரவிலிருந்து அவவைப் பாவப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மன்னியும் என்று கேட்பதை நிறுத்தி, அவவைப் பற்றி ஆண்டவரிடம் சொல்லுங்கள். எப்படிப் புட்டு அவித்துத் தந்தா, எந்தச் சேலை கட்டியிருந்தா, கடைசியாக என்ன சொன்னா. அம்மா உயிரோடு இருந்தால் அவவையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவவும் இதையே தனியாகச் சுமந்துகொண்டிருப்பா.

வைகாசி (மே) 18 நினைவேந்தலுக்கு முள்ளிவாய்க்காலுக்குப் போவீர்கள் என்றால், கஞ்சி குடித்துவிட்டு ஒரு மரநிழலில் இருந்து புலம்பல் 3 ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். எல்லாரும் 22, 23 ஆம் வசனங்களுக்கு, கர்த்தருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவைகள் என்கிற இடத்துக்குத் தாவிவிடுவார்கள். நீங்கள் தாவ வேண்டாம். முதல் 20 வசனங்களையும் ஒன்றும் விடாமல் வாசியுங்கள். அவை அம்மம்மாவுக்கு. பிறகு வீட்டுக்கு வந்து, அன்று பின்னேரம் மனிசியிடம் ஏதாவது சுள்ளென்று சொல்லியிருந்தால் அதற்கு மட்டும் போய் மன்னிப்புக் கேளுங்கள்.